சிந்தர்கிளாஸ் சீட்டு

ஜெர்மனியில் வேலை செய்துகொண்டு நெதர்லாந்தின் பெருநாட்களை எல்லாம் கொண்டாடுகிற கொடுப்பினை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சந்திரசேகரனுக்கு அது பதினொரு வருடமாக வாய்த்திருந்தது. கெல்டர்னுக்கு வெளியே, எல்லைக்குப் பத்து நிமிடத் தூரத்தில் இருந்த அந்தப் பூச்செடிக் களஞ்சியத்தை நெதர்லாந்துக்காரர் வாங்கிய நாளிலிருந்து நடக்கிற கூத்து இது. இங்கே விடுமுறையான நாளில் அங்கிருந்து லொறி வந்து பூட்டிய வாசலில் நிற்கும். அங்கே விடுமுறையான நாளில் இங்குள்ளவர்கள் ஏற்ற ஒன்றுமில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

இதற்கெல்லாம் தலைவி மார்லூஸ். களஞ்சியத்தின் மேலாளர், நாற்பத்தைந்து வயது, கதவு நிலையில் தலை முட்டும் உயரம். யாருக்காவது பிள்ளை பிறந்தால் வறுத்த ரொட்டியில் வெண்ணெய் பூசி, நீலத்திலோ இளஞ்சிவப்பிலோ சீனி பூசிய சோம்பு மணிகளைத் தூவி எல்லோருக்கும் கொடுப்பாள். ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அவருக்கு மட்டும் வாழ்த்துச் சொன்னால் போதாது, பக்கத்தில் நிற்கிறவருக்கும் கை கொடுத்து வாழ்த்த வேண்டும். "எனக்கேன் வாழ்த்து, நான் என்ன செய்தனான்?" என்று சந்திரசேகரன் முதல் வருடம் முழித்தார். பிறகு பழகிவிட்டது. கொண்டாட்டத்தில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. குறை கண்ணில் இருந்தது.

அவருக்கு அறுபத்தொரு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, கடைசியில் இந்தக் களஞ்சியத்தில் ஸ்டாப்ளர் ஓட்டுகிறவராக நிலைத்தவர். ஸ்டாப்ளர் என்பது இரண்டு இரும்பு நாக்கை நீட்டிப் பலகையோடு மண்மூட்டையைத் தூக்கிப் பத்து மீட்டர் உயரத் தட்டில் வைக்கிற வண்டி. இருபத்திரண்டு வருடமாக அதில் அவரை விஞ்ச ஆளில்லை. அவரும் அதைத் தன்னடக்கமாக மறைத்ததில்லை.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு போன வருடம் கண்ணுக்கு ஏறியது. அவருடைய பார்வையில் நடுவிடம் மட்டும் கலங்கிப் போயிற்று. அதாவது, எதைப் பார்க்கிறாரோ அது தெரியாது, பார்க்காத ஓரமெல்லாம் தெரியும். கண் வைத்தியர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: இனிமேல் எந்த வாகனமும் ஓட்டக்கூடாது, இது திரும்பி வராது. சந்திரசேகரன் தன் காரை விற்றார். ஸ்டாப்ளரை விற்க முடியாது, அது அவருடையது இல்லையே. அதை ஓட்டிக்கொண்டே இருந்தார்.

ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க அறுபத்துமூன்று ஆக வேண்டும். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும் என்பது அவர் கணக்கு. வண்டியை விட்டு இறங்கினால் அந்தக் களஞ்சியத்தில் அவர் செய்யக்கூடிய வேலை ஒன்றுகூட இல்லை. மற்ற எல்லா வேலைக்கும் லேபல் வாசிக்க வேண்டும். கம்பனி வைத்தியரின் கண் பரிசோதனைக்கு இன்னும் இரண்டரை வருடம் இருந்தது. களஞ்சியத்தின் பதினான்கு வாசலும் அவருக்கு மனப்பாடம். ஆட்கள் மஞ்சள்பச்சை மேலங்கி போட்டிருப்பார்கள், ஓரக்கண்ணில் அது பளிச்சென்று தெரியும். முகம் தெரியாவிட்டால் என்ன, நிறம் தெரிந்தால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனிதன் தன்னை ஏமாற்றுகிற அளவுக்கு வேறு யாரையும் ஏமாற்றுவதில்லை.

அந்த ஏமாற்று ஏப்ரலில் ஒருமுறை கிழிந்தது. நெதர்லாந்து அரசரின் பிறந்தநாள் வந்தது. அந்த நாட்டு அரச குடும்பத்தின் நிறம் செம்மஞ்சள் என்பதால் அன்று நாடு முழுக்கச் செம்மஞ்சளில் குளிக்குமாம், தெருவெல்லாம் ஆட்கள் பாய் விரித்துப் பழைய சாமான் விற்பார்களாம். மார்லூஸ் தன் பங்குக்கு எல்லோருக்கும் செம்மஞ்சள் சட்டை கொடுத்து, மேலே செம்மஞ்சள் சீனிப்பாகு வார்த்த கேக்கும் வைத்தாள். லொறி வராத நாள், துப்புரவு வேலைதானே என்று மேலங்கியைக் கழற்றிவிட்டு எல்லோரும் அந்தச் சட்டையோடு நின்றார்கள். களஞ்சியத்துத் தட்டுகளின் குறுக்குச் சட்டங்களும் செம்மஞ்சள்தான். சந்திரசேகரன் வெறும் பலகை அடுக்கோடு ஒன்பதாம் வாசலுக்குத் திரும்பியபோது, அங்கே தட்டின் முன்னால் நின்ற சுபானியை அவர் காணவில்லை. அவள் கத்தினாள். இரும்பு நாக்கு அவள் வயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

சுபானி அந்தக் களஞ்சியத்தில் லேபல் சரிபார்க்கிறவள். முப்பத்தெட்டு வயது. தாய் தகப்பன் இல்லாதவள். மூன்று வருடத்துக்கு முன் அவளுக்குக் கோப்பாயில் கல்யாணம் நடந்தபோது, சந்திரசேகரனும் மனைவி கலாதேவியும்தான் ஊருக்குப் போய், பெற்றவர்களின் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை மதீசன் இன்னும் கோப்பாயிலேயே இருந்தான். மனைவிக்கு நிரந்தர வேலை ஒப்பந்தம் இல்லாமல் அவனுடைய விசா நகராது என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். சுபானியின் ஒப்பந்தம் டிசம்பரோடு முடியும், அதை நிரந்தரமாக்குவதாக மார்லூஸ் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வேலையை அவளுக்கு எடுத்துக் கொடுத்ததும் சந்திரசேகரன்தான். முதல் இரண்டு வருடம் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய் வந்ததும் அவர்தான்.

"அண்ணை, என்னைக் காணேல்லையோ?" என்று அவள் கேட்டாள்.

"கண்டனான். பிரேக் கொஞ்சம் பிந்திப் போச்சு."

"பொய் சொல்லாதேங்கோ. இது எத்தினை விரல்?"

அவர் அவள் கையைப் பார்த்தார். பார்த்த இடத்தில் கை இல்லை. வண்டியின் இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "இன்னும் இருபது மாசம், தங்கச்சி. அதுக்குப் பிறகு நானே வண்டித் திறப்பைக் குடுத்திடுவன்," என்றார்.

அவள் அன்றே மார்லூஸிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் சரி. அவள் போகவில்லை. தாரை வார்த்துக் கொடுத்த கையை எப்படிக் காட்டிக்கொடுப்பது? மறுநாளிலிருந்து அவள் தன் லேபல் இயந்திரத்தோடு அவருடைய வண்டிக்கு முன்னால் நடந்தாள். "ஏழாம் வாசல், அண்ணை. இடப்பக்கம் ஆள் நிக்குது. கொஞ்சம் பொறுங்கோ. இப்ப வாங்கோ." தமிழர்கள் ஓயாமல் கதைப்பார்கள் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். காலையும் மாலையும் அவளே அவரைத் தன் காரில் ஏற்றி இறக்கினாள்.

வீட்டில் கலாதேவிக்கு வேறொரு கதை. கண் போனதை அவளிடம் மறைக்க முடியாது, சோற்றுக்குள் கறியைத் தேடுகிற மனிதனை எந்த மனைவிதான் கவனிக்க மாட்டாள்? வேலையைத்தான் மறைத்தார். "அங்க எல்லாருக்கும் தெரியும். என்னை இருந்து செய்யிற வேலைக்கு மாத்திப்போட்டினம். லேபலைச் சுபானி வாசிச்சுச் சொல்லுவா, நான் பதியிறன்," என்று சொன்னார். கலாதேவி அதை நம்பி, மார்லூஸின் பெயரிலும் சுபானியின் பெயரிலும் ஹம் நகரத்து அம்மன் கோவிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். ஆக, கம்பனிக்கு ஒரு பொய், வீட்டுக்கு ஒரு பொய். வீட்டுப் பொய்யைப் பற்றிச் சுபானிக்குத் தெரியாது.

நவம்பர் கடைசியில் மார்லூஸ் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். சிந்தர்கிளாஸ் வருகிறார் என்றாள். சிந்தர்கிளாஸ் என்பவர் சிவப்புத் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக வெள்ளைக் குதிரையில் வருகிற புனிதர், யார் யார் வருடம் முழுக்க என்ன குறும்பு செய்தார்கள் என்று ஒரு தடித்த புத்தகத்தில் எழுதி வைத்திருப்பவர். அவருக்கு முன்பு முகத்தில் கறுப்பு மை பூசிய ஏவலாட்களும் இருந்தார்களாம், இப்போது கன்னத்தில் கொஞ்சம் கரி மட்டுமாம். களஞ்சியத்தில் கரி பூசாமலே நாலு தமிழர் நிற்பதைக் கண்ட மார்லூஸ் அந்தப் பகுதியை அடியோடு விட்டுவிட்டாள். இதுவரை வருடாவருடம் சொக்கலேட்டும் தோடம்பழமும் கொடுத்து முடித்துவிடுவாள். இந்த வருடம் தன் ஊர் வழக்கப்படி முழுமையாகச் செய்யப் போகிறாளாம். எல்லோரும் கிண்ணத்திலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் இருக்கும் ஆளுக்கு ஒரு சின்னப் பரிசு வாங்கி, அவரைக் கேலி செய்து எதுகை மோனையோடு ஒரு கவிதை எழுத வேண்டும். எழுதியது யார் என்று சொல்லக்கூடாது, புனிதர் எழுதியதாகத்தான் பாவனை. டிசம்பர் ஐந்தாம் திகதி, பரிசைப் பிரிக்கும் முன், அவரவர் தமக்கு வந்த கவிதையைத் தாமே எழுந்து நின்று எல்லோருக்கும் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும்.

சந்திரசேகரனுக்குக் கடைசிச் சொல் மட்டும்தான் காதில் நின்றது. வாசிக்க வேண்டும்.

"அண்டைக்கு எனக்குச் சுகமில்லை எண்டு வீட்டில நிக்கட்டோ?" என்று காரில் வரும்போது கேட்டார்.

"நிண்டால் மற்ற நாள் வாசி எண்டு குடுப்பினம். உங்கட பேர் ஆரிட்ட விழுந்தது எண்டு நான் பாக்கிறன். நான் எழுதினால் பாடமாக்கிப்போடலாம்தானே."

அவள் இரண்டு நாள் துருவி, அவர் பெயர் மேற்பார்வையாளர் யூர்கனிடம் இருப்பதைக் கண்டுபிடித்து, யூர்கனுக்கு உறைப்பு ரோல் நாலு சுட்டுக் கொடுத்துச் சீட்டை மாற்றிக்கொண்டாள். பிறகு பன்னிரண்டு வரியில் ஜெர்மன் மொழியில் ஒரு கவிதை எழுதினாள். தமிழில் சொன்னால் அதன் தொடக்கம் இப்படி இருக்கும்:

தேத்தண்ணிப் போத்தல் மறந்தால் அவருக்குப் பொழுதே விடியாது,
தேரோட்டி போலே ஏறிக் குந்தினால் இறங்க மனம் முடியாது.

ஒரு வாரம் இடைவேளை தோறும் பன்னச் செடிகளுக்குப் பின்னால் ஒத்திகை நடந்தது. பாடமாக்குவது அவருக்குப் பெரிய வேலை இல்லை. வாசிக்கிற மாதிரி நடிப்பதுதான் வேலை. "வரி முடியேக்க கண்ணைக் கீழ இறக்குங்கோ. ஆறாவது வரியில பெரிய சொல் ஒண்டு வருது, அதில ஒருக்காத் தடக்குங்கோ. எல்லாத்தையும் கடகடவெண்டு சொன்னால் சந்தேகப்படுவினம்." அவர் தடக்கப் பழகினார். நன்றாகவே தடக்கினார். ஏப்ரலுக்குப் பிறகு முதல்தடவையாக இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அவருக்கும் ஒரு சீட்டு விழுந்திருந்ததே, அதை அவர் சுபானியிடம் காட்டவில்லை. முறைப்படி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கலாதேவியிடம் கொடுத்தார்.

"சுபானியெண்டு கிடக்கு," என்றாள் கலாதேவி.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த ஒரு விஷயத்தையாவது அவளுக்குத் தெரியாமல், அவள் உதவியில்லாமல், ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் குசினி மேசையில் இருந்து அவர் சொல்லச் சொல்லக் கலாதேவி எழுதினாள். கலாதேவி சிறுவர் பாடசாலைச் சமையலறையில் இருபது வருடம் வேலை செய்தவள், ஜெர்மனை அவரைவிட நன்றாக எழுதுவாள். தமிழ்ப் பள்ளியான தமிழாலயத்துக் கவியரங்கில் வருடாவருடம் நடுவராக இருப்பவள் என்பதால் எதுகைக்கும் பஞ்சமில்லை. சுபானி இடைவேளையில் கைபேசியைச் செம்பரத்தைச் செடிக்கு நேரே பிடித்துக் கணவனுக்குக் காட்டுவது, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடி வருவது, ஜெர்மன் உருளைக்கிழங்குக் கறிக்கு வீட்டிலிருந்து மிளகாய்த்தூள் கொண்டுவந்து போடுவது எல்லாம் வரியாக விழுந்தன. பத்து வரி ஆயிற்று.

"இவ்வளவு கேலியும் பண்ணிப்போட்டு ஒரு நன்றிகூட இல்லாமல் முடிக்கிறதோ?" என்று கலாதேவி கேட்டாள். "அந்தப் பிள்ளை உங்களுக்குச் செய்யிறது கொஞ்சமோ?"

"அது அவையின்ர முறை. கேலி மட்டும்தான். நன்றியை நான் வாயால சொல்லுவன்."

"சரி சரி," என்றாள். கவிதையை வீட்டிலிருந்த பழைய கணினியில் தட்டி, அச்செடுத்து, ஒரு சாந்துப் பொட்டுப் பெட்டியோடு சேர்த்துப் பொதிசெய்து, உறையை ஒட்டினாள். அவர் அந்த உறையைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அவரால் ஏலாது.

டிசம்பர் ஐந்து, பின்நேரம் மூன்றரை. உணவறையில் இருபத்தாறு பேர். சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியுமாக யூர்கன் புனிதராக வந்து, சின்னச் சின்ன மசாலா பிஸ்கட்டைக் கைநிறைய அள்ளித் தரையில் விசிறினார். அது வழக்கமாம். ஐம்பது வயது ஆட்கள் முழங்காலில் விழுந்து பொறுக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரின் முதலெழுத்துச் சொக்கலேட்டில் வார்த்து வைத்திருந்தது. மேசையில் ஆளுக்கொரு தாளும் இருந்தது, அடுத்த வருட விடுமுறைப் பட்டியல், நெதர்லாந்து நாட்கள் செம்மஞ்சளிலும் ஜெர்மன் நாட்கள் கறுப்பிலுமாக. வழக்கமான நாளென்றால் மார்லூஸ் அதை வாசித்து விளக்கியிருப்பாள். இன்றைக்குக் கவிதைக்கு அவசரம்.

சந்திரசேகரனை நாலாவதாகக் கூப்பிட்டார்கள். எழுந்தார், உறையைப் பிரித்தார், தாளை விரித்தார். முதல் வரியிலேயே சிரிப்பு. கண்ணை இறக்கினார், ஏற்றினார், ஆறாவது வரியில் தடக்கினார், "இந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தார்?" என்று தன்பாட்டில் ஒரு பகிடியும் சேர்த்துவிட்டார். கைதட்டல் முடிய நேரம் எடுத்தது. உட்கார்ந்து தாளை மடித்தார். மேசைக்கு அடியில் சுபானி அவர் கையை ஒருமுறை அழுத்தினாள். இன்னும் பன்னிரண்டு மாதம். கடந்துவிடலாம் என்று அவருக்கு அந்தக் கணம் உண்மையாகவே தோன்றியது.

அடுத்தது சுபானி. அவள் பிரித்து வாசிக்கத் தொடங்கினாள். செம்பரத்தைச் செடி, ஈரத் தலை, மிளகாய்த்தூள் என்று வரிக்கு வரி சிரிப்பு எழுந்தது. அவளுக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை. சந்திரசேகரன் தன் வரிகளைத் தனக்குள் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார். பத்தாவது வரி முடிந்தது. அவர் கைதட்டக் கையை எடுத்தார்.

சுபானி அடுத்த வரிக்குப் போகாமல் நின்றாள்.

"அவ்வளவுதான்," என்றாள். குரல் மாறியிருந்தது. தாளை மடித்தாள்.

"இல்லை, இல்லை! புனிதரை ஏமாற்ற முடியாது," என்று யூர்கன் தாடிக்குள் சிரித்துக்கொண்டே அவள் தோளுக்கு மேலால் தாளைப் பறித்தார். "இன்னும் இரண்டு வரி இருக்கிறது. உன்னைப் புகழ்ந்திருக்கிறதாக்கும், வெட்கப்படுகிறாய்." அவர் உரக்க வாசித்தார்:

பார்வை போன அண்ணன் பக்கத்தில் நின்று,
பாதைக்குக் கண்ணாய் நடப்பாள் தினம் முன்சென்று.

ஓரிருவர் கைதட்டத் தொடங்கி நிறுத்தினார்கள். அந்த வரிகளைச் சந்திரசேகரன் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனாலும் யாருடைய வரி என்று அவருக்கு உடனே தெரிந்தது. முப்பத்துமூன்று வருடம் ஒன்றாக வாழ்ந்த மனுசியின் எதுகை அது.

மார்லூஸ் எழுந்தாள். "யார் அந்த அண்ணன்?" என்று கேட்டாள். ஒன்பதாம் வாசலில் போன மாதம் எந்த வண்டியோ இடித்து வளைந்திருந்த தட்டுக்கால் அவள் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும், ஓயாமல் கதைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடக்கிற சுபானியும் வந்திருக்க வேண்டும். "சுபானி, நீ யாருக்குப் பாதை சொல்கிறாய்?"

சுபானி வாயைத் திறக்கும் முன் சந்திரசேகரன் எழுந்துவிட்டார். அவளைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒன்றைத் தவிர அவர் மண்டையில் வேறொன்றும் இல்லை. "அது பகிடி. கேலி எழுதச் சொன்னீர்கள்தானே? எனக்குக் கண் நன்றாகத் தெரியும். இதோ, நானே வாசித்துக் காட்டுகிறேன், பாருங்கள்," என்று ஜெர்மனில் சொல்லி, மேசையில் வெள்ளையாகத் தெரிந்த தாளை ஓரக்கண்ணால் தேடி எடுத்தார்.

முதல் வரியிலிருந்து தொடங்கினார். அவர் சொல்லிக் கலாதேவி எழுதிய வரிகள், ஒன்றும் பிசகவில்லை. வரி முடிய முடியக் கண்ணை இறக்கினார். செம்பரத்தையைச் சொன்னார், ஈரத் தலையைச் சொன்னார், மிளகாய்த்தூளைச் சொன்னார். கடைசி இரண்டையும் ஒருமுறை கேட்ட ஞாபகத்தில் ஒரு சொல்லும் தவறாமல் சொன்னார். வாசித்து முடித்துத் தலையை நிமிர்த்தினார். ஒருவரும் கைதட்டவில்லை. நம்பிவிட்டார்கள், அதுதான் பேச்சில்லை என்று நினைத்துக்கொண்டு நின்றார்.

"சேகர்," என்று யூர்கன் மெதுவாகச் சொன்னார். தாடியைக் கழற்றியிருந்தார் போல, குரல் தெளிவாக இருந்தது. "கவிதை இன்னும் என் கையில் இருக்கிறது. நீ வைத்திருப்பது விடுமுறைப் பட்டியல்."

சந்திரசேகரன் தாளைக் கீழே வைத்தார். அதை மேசையின் விளிம்புக்கு நேராக வைக்க இரண்டுதரம் முயன்றார்.

மார்லூஸ் கையை நீட்டினாள், அவர் இடுப்பிலிருந்து வண்டித் திறப்பைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார். அவள் முகத்தை அப்பால் திருப்பினாள். கோபம் என்று நினைத்தார், அழுகை என்று பிறகு தெரிந்தது. "இங்கே இருபத்தாறு பேர் நடமாடுகிறார்கள்," என்றாள். "யாராவது செத்திருந்தால் நான் யாருக்கு என்ன சொல்லியிருப்பேன்?" அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்பதுதான் கொடுமை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம்.

அவள் சுபானியின் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு காலமாக உனக்குத் தெரியும்?"

"அரசர் தினத்திலிருந்து."

"எட்டு மாதம்." மார்லூஸ் கண்ணைத் துடைத்தாள். "சேகருக்குச் சுகமில்லை. அவரை வைத்தியர் பார்ப்பார், சட்டம் பார்த்துக்கொள்ளும். உனக்குக் கண் தெரியும், சுபானி. நீ பார்த்துக்கொண்டே சும்மா இருந்தாய். உன் ஒப்பந்தத்தை நான் இன்று காலைதான் அச்செடுத்து வைத்தேன். அதில் இனிமேல் என்னால் கையெழுத்துப் போட முடியாது."

"அவளில ஒரு பிழையும் இல்லை, நான்தான்..." என்று சந்திரசேகரன் தொடங்கினார். ஜெர்மனில் தொடங்கித் தமிழில் போய் நின்றுவிட்டது. மார்லூஸ் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனாள். பிரிக்காத பரிசுகள் அப்படியே மேசையில் கிடந்தன.

வீட்டுக்குப் போக அவருக்கு வேறு வழி இல்லை. சுபானிதான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஏற்றினாள். கதவைத் திறந்து, தலை இடிக்காமல் கையை வைத்துப் பிடித்து, பெல்ட்டையும் அவளே போட்டுவிட்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது. கெல்டர்ன் சந்தி வந்தது.

சிவப்பு விளக்கில் நின்றபோது அவள் கேட்டாள். "அந்த ரெண்டு வரியையும் ஆர் அண்ணை எழுதினது?"

கலாதேவி என்று சொல்லலாம். உண்மை அதுதான். சொன்னால் இந்தப் பெண்ணுக்கு உலகத்தில் தாய் ஸ்தானத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே ஒருத்தியையும் இல்லாமல் ஆக்கிவிட வேண்டியதுதான். அது மட்டுமா? வீட்டில் அவர் சொல்லி வைத்த பொய்யையும் அவிழ்க்க வேண்டும்.

"நான்தான்," என்றார்.

"ஏன் அண்ணை?"

"உமக்கு ஒரு நன்றி சொல்லவேணும் போல இருந்தது."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள் என்பது அவருக்குத் தெரிந்தது. முகம் தெரியவில்லை. பின்னால் நின்ற கார் ஹோன் அடித்தது, விளக்கு மாறிவிட்டிருந்தது. அவள் வண்டியை எடுத்தாள். சிறிது தூரம் போன பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அது அடங்கவே இல்லை. கோப்பாயில் மதீசன் இந்நேரம் அவளுடைய அழைப்புக்காகக் கைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பான். இன்றைக்கு ஒப்பந்தச் செய்தி வரும் என்று அவள் அவனுக்குக் காலையில்தான் சொல்லியிருந்தாள். சந்திரசேகரன் கையை நீட்டி அவள் தலையைத் தடவப் பார்த்தார். கை இருக்கையின் முதுகில் பட்டது. இழுத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "படி மூண்டு இருக்கு, பாத்து ஏறுங்கோ," என்றாள். போய்விட்டாள். "நாளைக்கு வாறன்" என்று வழக்கமாகச் சொல்வாள். இன்றைக்கு நாளை ஒன்றும் இல்லை.

கலாதேவி மணி அடிக்கும் முன்பே கதவைத் திறந்துவிட்டாள். வடை சுட்ட வாசம் வெளியே வந்தது. "சுபானி வரேல்லையோ? நான் அவளுக்கும் சேர்த்துச் சுட்டனான்," என்று எட்டிப் பார்த்தாள். பிறகு அவருடைய மேலங்கியைக் கழற்றிக்கொண்டே, இரகசியம் சொல்கிற பெண்பிள்ளையின் குரலில் சொன்னாள்.

"கோவிக்காதேங்கோ. நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னனீங்கள், நான் கேக்கேல்லை. கடைசியில ரெண்டு வரி நானாச் சேர்த்துவிட்டனான். நன்றி சொல்லாமல் விட மனம் வரேல்லை. வாசிச்சவளோ? எல்லாருக்கும் கேக்க வாசிச்சவளோ?"

"ஓம்," என்றார். "எல்லாருக்கும் கேட்டது."

"அழுதவளோ?"

சந்திரசேகரன் சுவரைப் பிடித்துக்கொண்டு சப்பாத்தைக் கழற்றினார். ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதின் கயிற்றைத் தேடினார்.

"ஓம்," என்றார். "அழுதவள்."

கலாதேவி சந்தோஷத்தோடு வடை எடுக்கக் குசினிக்குள் போனாள்.